பில்லில் இல்லாத அட்டை

என் அக்கா எந்தக் கடையிலிருந்தும் கொசுறு வாங்காமல் இறங்கியதில்லை. துணி எடுத்தால் ஒரு கைக்குட்டை, செருப்பு வாங்கினால் ஒரு டப்பா பாலிஷ். கேட்பதில் அவளுக்குக் கூச்சம் கிடையாது. அவள் படியேறினாலே கடைக்காரர்கள்தான் டிராயரை இழுத்து மூடுவார்கள்.

மச்சானுக்கு நுரையீரலில் கட்டி என்றானதும் டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். யானை விலை. மருந்துக்கடைக்காரர் பில் போட்ட பிறகும் அக்கா நகரவில்லை.

"இவ்வளவுக்கு வாங்குறேன், ஒண்ணும் போட்டுத் தர மாட்டீங்களா அண்ணே?"

"இந்த மாத்திரைக்குக் கொசுறு கேட்ட மொத ஆளு நீங்கதாம்மா." சிரித்துக்கொண்டே டிராயரைத் திறந்தார். "வீட்டுக்காரருக்கு நெஞ்செரிச்சல் உண்டா?"

"அது இல்லாத நாளே இல்ல."

"அப்ப இந்தாங்க. காலைல ஒண்ணு. வயிறு குளுகுளுன்னு இருக்கும்."

மாதாமாதம் ஒரு வெள்ளை அட்டை வந்தது. மச்சான் இரண்டையும் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, "பெருசு நோய்க்கு, சின்னது உன் சாமர்த்தியத்துக்கு" என்பார்.

வேறு மாத்திரை உண்டா என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம் அக்கா பில் கட்டை நீட்டுவாள். கொசுறு எந்தப் பில்லில் வரும்?

நாலாம் மாத ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. கல்லீரலிலும் இரண்டு புள்ளிகள். மச்சான் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தார்; டாக்டர் அறையில் அக்காவும் நானும்தான். அக்கா பில்லைத் தேடிப் பையைக் கவிழ்த்தபோது, வெள்ளை அட்டை மேஜையில் விழுந்தது.

"இது எப்போலேர்ந்து?" என்றார் டாக்டர்.

"அது சும்மா குடுத்ததுங்க. நெஞ்செரிச்சலுக்கு."

"அம்மா, அந்தப் பெரிய மாத்திரை கரையணும்னா வயித்துல அமிலம் இருக்கணும். இது அமிலத்தையே அமுக்கிடும். முழுங்கினதுல எவ்வளவு உடம்புல சேர்ந்துச்சோ, யாருக்குத் தெரியும்?"

"அப்ப நான்தானா டாக்டர்?"

"இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. இதை நிறுத்துங்க. இன்னும் ஒரு மாசம் பார்ப்போம்."

நான் கடையில் வளர்ந்தவன். சரக்கு தீர்ந்துபோனவன் "நாளைக்கு வாங்க" என்று சொல்லும் குரல் எனக்குத் தெரியும்.

படியிறங்கும்போது அக்கா என் கையைப் பிடித்தாள். "அவர்கிட்ட சொல்லிடாதடா."

மறுநாள் காலை நான் அங்கேதான் இருந்தேன். மச்சான் நெஞ்சைத் தடவிக்கொண்டே கேட்டார்: "சின்ன மாத்திரை எங்கடி?"

"இந்த மாசம் அவர் குடுக்கல."

"நீ கேட்டியா?"

"மறந்துட்டேன்."

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். இருபத்தாறு வருடம் அவளோடு கடை கடையாக ஏறி இறங்கியவர். அக்கா டம்ளரில் இல்லாத அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் அந்த டம்ளரை வாங்கி, பெரிய மாத்திரையை மட்டும் விழுங்கினார்.

"சரி விடு," என்றார். "எரியட்டும்."