நடுவில் நிற்பவள்

பள்ளியில் எல்லோருக்கும் நான் பி.டி. மிஸ். ஆறு வருடமாகத் தற்காலிக பி.டி. மிஸ். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஊழியர் குடியிருப்பில், படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவோடு ஒற்றை அறையில் இருக்கிறேன். வேலை போனால் அறையும் போகும். இதைத் தினமும் பல் தேய்க்கும்போதே ஒருமுறை நினைத்துக்கொள்வேன். அப்புறம் நாள் முழுக்க யார் எதைச் சொன்னாலும் தலையாட்ட வசதியாக இருக்கும்.

நான்காம் வகுப்புக்கு நான் வைத்த விளையாட்டு எளிது. பதினோரு பேர் வட்டமாக நிற்பார்கள், ஒருவர் நடுவில். வட்டத்தில் இருப்பவர்கள் பந்தை ஒருவருக்கொருவர் எறிய வேண்டும். நெஞ்சுக்கு நேரே தள்ளலாம், தரையில் ஒருமுறை தட்டியும் அனுப்பலாம். மூன்று எண்ணுவதற்குள் பந்து கையை விட்டுப் போயாக வேண்டும். நடுவில் இருப்பவர் பந்தைப் பிடித்தால் வெளியே வரலாம். எறிந்தவர் உள்ளே போக வேண்டும். சண்டைக்கோழிகளாகத் திரிந்த பிள்ளைகள், ஒரே மாதத்தில் கண்ணைப் பார்த்தே யாருக்கு எறிவது என்று முடிவு செய்யும் அளவுக்கு வந்துவிட்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை மைதானத்துக்கு வந்தார். பந்து இருபத்தைந்து கை மாறியது.

"அட, பிரமாதம்! பெற்றோர் தினத்துல இதையே வச்சிடுங்க. ஆனா ஐம்பது வரணும். நிர்வாகத்துல எல்லாரும் வர்றாங்க, உங்க நிரந்தர ஆர்டர்ல அன்னைக்கே கையெழுத்து வாங்கிடறேன்."

ஐம்பதாம்! நடுவில் சுறுசுறுப்பான பிள்ளை நின்றால் எட்டைத் தாண்டுவதே பாடு. அன்று இருபத்தைந்து வந்ததற்குக் காரணம், நடுவில் நின்றது நத்தை. அது பிள்ளைகள் வைத்த பெயர். பூசின உடம்பு, கால் மெதுவாகத்தான் எழும். மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. அந்த விஷயத்தில் அவளும் நானும் ஒன்று.

மறுநாளிலிருந்து அவளையே நடுவில் நிறுத்தினேன். ஏன் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. முப்பது, முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு என்று எண்ணிக்கை ஏறியது. "பாத்தீங்களா, ஒத்துமையா இருந்தா எப்படி வருது!" என்று வாய் கூசாமல் சொன்னேன். அவள் இந்தப் பக்கம் ஓடுவாள், பந்து அந்தப் பக்கம் போயிருக்கும்.

மூன்றாவது வாரம் தண்ணீர்க் குழாயடியில் என்னிடம் வந்தாள்.

"மிஸ், நான் எப்ப வெளிய வருவேன்?"

"பந்தப் புடிச்சா வரலாம். அதானே கண்ணு ரூல்?"

"புடிக்கவே முடியலையே மிஸ்."

"முயற்சி பண்ணும்மா."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. வேறு யாரையாவது நிறுத்தலாமா என்று யோசித்தபடியே அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கப் போனேன். "என்னம்மா, இந்தத் தடவையாவது கையெழுத்து ஆயிடுமா?" என்றார். ஆயிடும்பா என்றேன். வகையாக மாட்டிக்கொண்டேன்.

பெற்றோர் தினத்தன்று அரங்கு நிரம்பி வழிந்தது. அவளுடைய அம்மா முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். என் கழுத்தில் விசில், கையில் மைக். கூட்டமே எண்ணியது. "பதினெட்டு! பத்தொன்பது!" அந்த அம்மாவும் சேர்ந்துதான் எண்ணினார். இருபத்தெட்டு வரும்போது அவர் குரல் நின்றது. போன் மெல்ல மடிக்கு இறங்கியது.

முப்பத்தாறாவது பந்து நெட்டையனிடம் வந்தது. வகுப்பிலேயே நன்றாக எறிபவன் அவன்தான். அவள் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவன் இரண்டடி நடந்து போய்ப் பந்தை அவள் கையில் வைத்தான்.

கூட்டம் 'அச்சச்சோ' என்றது. அவள் வெளியே வந்து அவன் இடத்தில் நின்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"முதல்ல இருந்து ஆரம்பிங்க. பழையபடியே நிக்க வைங்க" என்றார் தலைமையாசிரியை.

கையெழுத்துப் போட வந்தவர்கள் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நான் மைக்கை உயர்த்தினேன்.

"நத்தை, நீ உள்ள போ."

ஒரு நாளும் என் வாயால் சொல்லாத பெயர். மனசுக்குள் மட்டும் தினமும் சொல்லியிருக்கிறேன் போல. அரங்கு முழுக்க எதிரொலித்தது. யாரோ சிரித்தார்கள். அவளுடைய அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் கூனிக்குறுகிப் போனேன். அவள் மட்டும் எப்போதும் போலத் தலையாட்டிவிட்டு உள்ளே போய் நின்றாள்.

விசில் அடித்தேன். நெட்டையன் பந்தை ரெட்டைச்சடைக்காரிக்கு எறிந்தான். "ஒண்ணு!" என்றது கூட்டம். ரெட்டைச்சடைக்காரி அதை அப்படியே நடுவில் நின்றவளிடம் கொடுத்துவிட்டுத் தானே உள்ளே போனாள். வெளியே வந்தவள் பக்கத்துப் பையனுக்கு எறிந்தாள். "ஒண்ணு." அவன் ரெட்டைச்சடைக்காரியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான். மறுபடியும், "ஒண்ணு." பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. கண்ணைப் பார்த்தே செய்தார்கள். மூன்று எண்ணுவதற்குள் பந்து கை மாறியது, ஒரு விதியையும் மீறவில்லை. எவரும் ஒரு பந்துக்கு மேல் நடுவில் நிற்கவில்லை. எண்ணிக்கை ஒன்றைத் தாண்டவில்லை. கொஞ்ச நேரத்தில் கூட்டம் எண்ணுவதையே விட்டுவிட்டது.

தலைமையாசிரியை விறுவிறுவென்று என்னிடம் வந்தார். "என்ன கூத்து இது? விசில் அடிங்க! நிறுத்துங்க!"

ஒரு விசில் போதும். அவரவர் இடத்தில் நின்றுவிடுவார்கள், அவளை மறுபடியும் உள்ளே தள்ளிவிடலாம். எனக்கு அப்பாவின் கட்டில் ஞாபகம் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பேன்? விசிலை வாயிலிருந்து எடுத்தேன்.

"இத்தன நாளா இதைத்தான் சொல்லிக்கொடுத்தீங்களா?"

"இல்ல மேடம்" என்றேன். மைக் அணைக்காமலே இருந்தது. "முதல்ல முப்பத்தாறு வரைக்கும் எண்ணுனீங்களே, அதுதான் நான் சொல்லிக்கொடுத்தது."