மூன்றாவது மூலையில் நின்றவன்

சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். தனபாலன் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"கழத்துங்க மாப்ள. நீர்மாலைக்கு எல்லாரும் காத்துக் கெடக்காங்க" என்றார் இசக்கிமுத்து.

அவர் தனபாலனின் மனைவி சண்முகவடிவின் அண்ணன். உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை. தங்கைக்குப் போட வேண்டிய பிறந்த வீட்டுக் கோடியை விடியற்காலையில் அவரே கடையைத் திறந்து எடுத்து வந்திருந்தார். அரக்குச் சேலை, மாம்பழக் கரை. பத்து நிமிஷத்தில் நூறு சேலை விரித்துக் காட்டுகிற மனிதர், அந்த ஒன்றை எடுக்க ஒரு மணி நேரம் ஆக்கினாராம்.

வடிவு கூடத்தில் கிடந்தாள். முடி கொட்டிய தலையைப் பூவால் மறைத்திருந்தார்கள். தனபாலன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கால் மரத்துப்போனவனுக்குத் தரை தெரியாதே, அதுபோல.

சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். இசக்கிமுத்து வாங்கித் தன் கைமேல் போட்டுக்கொண்டார். பையில் எட்டாக மடித்திருந்த தாள் துருத்திக்கொண்டு தெரிந்தது.

"இதுதான் அந்த ரிப்போர்ட்டா?"

தனபாலன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"செரி, பொறவு பாத்துக்கிடுவோம்."

வீட்டுக்குள் இசக்கிமுத்துவின் மனைவி புஷ்பம், வந்தவர்களிடம் நேற்றிலிருந்து சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "கடைசி நேரத்துல அவரு பக்கத்துல இல்லக்கா. ரிப்போர்ட்டு வாங்கப் போயிருந்தாரு. 'பேப்பர் வந்துட்டா மதினி, பேப்பர் வந்துட்டா'ன்னு மூணு மட்டம் கேட்டா. யாரு நடந்து வந்தாலும் வாசலப் பாப்பா. பாவம், அந்த மனுசன் எங்கெல்லாம் அலைஞ்சாரோ."

கேட்ட பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க, தனபாலன் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக் குழாயை நோக்கி நடந்தான்.

அது ரிப்போர்ட் இல்லை. விளையாட்டு.

தேனாம்பேட்டையில் அவன் வேலை பார்த்த ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு கூடம் முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும். ஊரே வேகிற மே மாதத்திலும் அந்தக் கூடத்தில் ஸ்வெட்டர் போட வேண்டும். அட்டைகளில் ஓட்டை போட்டுக் கொடுத்தால் விழுங்கிக்கொண்டு, பச்சைப் பட்டை போட்ட அகலத் தாளில் பதிலை அச்சடித்துத் தள்ளும். சம்பளப் பட்டியல் போடுவதற்கு வாங்கியது. அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த ஒருவர், வேலையை விட்டுப் போகும்போது மேஜை டிராயரில் ஓர் அட்டைக் கட்டை விட்டுப் போயிருந்தார். பேஸ்பால் ஆட்டம். எப்படி அடிக்கப்போகிறோம் என்று அட்டையில் போட்டுக் கொடுத்தால், கம்ப்யூட்டரே பந்து வீசி, என்ன ஆயிற்று என்று அச்சடித்துச் சொல்லும்.

மூன்றாவது தடவை அடையாற்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வடிவால் புத்தகம் படிக்க முடியவில்லை. எழுத்து ஆடுகிறது என்றாள்.

"உங்க மிசினுக்கு வெளையாடத் தெரியும்னு சொன்னியளே. எங்கூட வெளையாடுமா?"

விளையாடியது. சாயங்காலம் கட்டிலில் படுத்தபடி அவள் எண்களைச் சொல்வாள். ஒன்று என்றால் ஓங்கி அடி, இரண்டு என்றால் தட்டு, மூன்று என்றால் விடு. அவன் எழுதிக்கொள்வான். மறுநாள் சாப்பாட்டு வேளையில் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும். அட்டைகளை வாங்கி உள்ளே போடும்போது ஆபரேட்டர் கோதண்டபாணி கேட்பார்: "இன்னா சார், வூட்ல அம்மா இன்னிக்கி எத்தினி ரன் அடிக்கப்போறாங்க?"

ஒரு நாளைக்கு ஓர் இன்னிங்ஸ். மொத்தம் ஒன்பது.

ஆட்டக்காரர்கள் ஒன்பது பேருக்கும் அவளே பெயர் வைத்தாள். அண்ணன், மதினி, நைட் டியூட்டி நர்ஸ், கல்லூரியில் கணக்கு எடுத்த டீச்சர், இரண்டாவது கட்டில் ஹாஜிரா பீ. இவனுக்கு ஒன்பதாவது இடம். "ஓடத் தெரியாத ஆளு நீங்க. கடைசியில நில்லுங்க."

இருவருக்கும் பேஸ்பால் தெரியாது. கிரிக்கெட் தெரியும். சேப்பாக்கத்தில் டெஸ்ட் என்றால் இசக்கிமுத்துவின் கடையில் டிரான்சிஸ்டர் முன்னால்தான் கூட்டம் நிற்கும். வடிவு அந்தக் கடையில் வளர்ந்தவள். முதல் நாள், புதுப் பந்தைப் பார்த்துத்தான் ஆட வேண்டும் என்று எல்லாப் பந்தையும் விட்டாள். மூன்று பேர் அவுட்டானால் இன்னிங்ஸ் முடிந்தது; மூன்று பேரும் வந்த வேகத்தில் அவுட்.

"சும்மா நின்னதுக்கு அவுட்டா?"

"நல்ல பந்த விட்டா அது தப்பாம். மூணு தப்புக்கு அவுட்."

"மோசமான பந்த விட்டா?"

"நாலு விட்டா, அடிக்காமலே முதல் மூலைக்குப் போய் நிக்கலாம்."

"அடிக்காமலேயா?" சிரித்தாள். சிரித்தால் வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "கோட்டிக்கார ஆட்டம்லா இது."

மூன்றாம் நாள் அவளுக்குப் பிடிபடத் தொடங்கியது. நான்காம் நாள் மெஷினின் குணத்தையே கண்டுபிடித்துவிட்டாள். "எங்கண்ணன் மாதிரிதான் இதுவும். ரெண்டு மட்டமான சேலையக் காட்டிட்டு மூணாவதா நல்லத எடுத்துப் போடுது. ரெண்ட விட்டுட்டு மூணாவத ஓங்கி அடிங்க." அன்றைக்கு இரண்டு ரன். ஹாஜிரா பீக்கு அதில் ஒன்று. வடிவு பக்கத்துக் கட்டிலுக்குத் தாளைத் தூக்கிக் காட்டினாள். ஹாஜிரா பீ ஒன்றும் புரியாமல், "மாஷா அல்லா, நல்லா வெளையாடும்மா" என்றாள்.

ஆறாவது நாள்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

பேஸ்பாலில் நான்கு மூலைகள். அடித்தவன் மூன்று மூலைகளைக் கடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால்தான் ஒரு ரன். அன்று அவளுடைய ஆள் ஒருவன் மூன்றாவது மூலைவரை வந்து நின்றிருந்தான். அதற்குள் இந்தப் பக்கம் மூன்றாவது விக்கெட் போய்விட்டது. அவள் அப்படித்தான் சொல்வாள், விக்கெட் என்று.

"மூணாவது மூலையில நின்னானே, அவன் என்ன ஆனான்?"

"ஒண்ணும் ஆகல. ஆட்டம் அந்தப் பக்கம் போயிட்டு."

"அவன் அவுட் ஆகலியே."

"ஆகல."

"பின்ன தாள்ல அவன் பேரையே காணோம்?"

"ரன் எடுக்கலல்லா வடிவு. மெஷின் விட்டுரும்."

தாளை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள். "நாட் அவுட்னாவது போடணும்லா. கடைசி வரைக்கும் நின்னிருக்கான். ஒரு மட்டுமரியாதை வேண்டாமா?"

எழுதிவிடலாம் என்றான். மெஷினுக்குப் புதுக் கட்டளை கொடுக்க மூன்று அட்டை வேலை. ஏழாவது நாள் நேரமில்லை. எட்டாவது நாளும் இல்லை.

ஒன்பதாவது நாள் வியாழக்கிழமை. காலையிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. இன்றைக்கு ஆபீஸ் போகவில்லை என்றான்.

"போங்க. ஒம்பதாவதுல்லா. இன்னைக்கோட முடிஞ்சிரும்" என்றாள். அவன் வாசல்வரை போன பிறகு கூப்பிட்டாள். "அந்த நாட் அவுட்ட மறந்திராதீய."

அட்டையில் எண்பது கட்டங்கள். கட்டளை ஏழாவது கட்டத்தில் தொடங்க வேண்டும். ஐந்து வருஷமாக இந்த வேலையைச் செய்கிறவன், அன்று நாட் அவுட் அட்டை ஒன்றில் ஆறாவதிலேயே தொடங்கிவிட்டான். கம்ப்யூட்டர் ஆட்டத்தையே தொடங்காமல் தப்பு என்று அச்சடித்தது. தப்பைத் தேடிப் பிடித்து, வேறு அட்டை அடித்துக்கொண்டு வருவதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்து சம்பளப் பட்டியல் ஓட ஆரம்பித்துவிட்டது.

"நீங்க கெளம்புங்க சார், நாளிக்கி பாத்துக்கலாம். மிஷினு எங்கயும் ஓடிடாது" என்றார் கோதண்டபாணி.

கிளம்பியிருக்கலாம். அந்தக் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றான். இரண்டு மணி பத்து நிமிஷத்துக்குத் தாள் வந்தது. ஓடிப்போய் பஸ் ஏறினான். ஆஸ்பத்திரி வராந்தாவில் புஷ்பம் தரையில் உட்கார்ந்திருந்தாள். முடிந்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

ஒரு கட்டம். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நகம்கூட நுழையாது.

கண்ணம்மாபேட்டை சுடுகாட்டில் வெயில் ஏறிவிட்டது. கொள்ளிக்குடம் உடைத்தாயிற்று. திரும்பிப் பார்க்காமல் வை என்றார்கள். வைத்தான். நேரே நடந்து போய்க் குழாயடியில் உட்கார்ந்தான். யாரோ தலையில் தண்ணீர் ஊற்றினார்கள்.

எழுந்தபோது எதிரில் இசக்கிமுத்து நின்றார். ஒரு கையில் சட்டை. இன்னொரு கையில் தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிருங்க மாப்ள. ராத்திரி பூரா அதையேதான் நெனச்சிட்டுக் கெடந்தேன்." தாளைச் சற்று உயர்த்திக் காட்டினார். "இதுல என்ன எழுதியிருக்கான்? முந்தியே கெடச்சிருந்தா பொழச்சிருப்பாளா?"

'எதுவும் செய்திருக்க முடியாது என்று எழுதியிருக்கிறது.' இப்படி ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவருக்கும் தூக்கம் வரும். இவனையும் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

"அது ரிப்போர்ட் இல்ல மச்சான்."

"பின்ன?"

"வெளையாட்டு. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நானும் அவளும் ஆடிக்கிட்டு இருந்த ஆட்டம்."

இசக்கிமுத்து தாளைப் பார்த்தார். இவனைப் பார்த்தார். குரல் உயரவில்லை. "எந்தங்கச்சி வாசலப் பாத்துக்கிட்டு உசுரப் பிடிச்சிட்டுக் கெடந்திருக்கா. நீங்க வெளையாட்டுக்காவ நின்னியளாக்கும்?"

"ஆமா."

குளித்துக்கொண்டிருந்தவர்கள் செம்பைக் கீழே வைத்தார்கள். இசக்கிமுத்துவின் தாடை அசைந்தது. அடிக்கப்போகிறார் என்று தனபாலன் நினைத்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவர் கிழிக்கப் போகிறவர்போலத் தாளைப் பிரித்தார். அகலமான தாள். இரண்டு கையையும் விரித்துப் பிடிக்க வேண்டியிருந்தது, சேலை முந்தியைப் பிடிப்பதுபோல.

"ஜெயிச்சாளா?"

"ஒரு ரன்ல தோத்துட்டா."

இசக்கிமுத்துவுக்கு இங்கிலீஷ் அதிகம் வராது. மில் பேல்களில் அச்சடித்திருப்பதை எழுத்துக்கூட்டிப் படிப்பார். பில்லில் கையெழுத்துப் போடுவார். தாளைக் கிழிக்காமல் மதிலில் வைத்து, ஒற்றை விரலால் வரி வரியாக இறங்கிக்கொண்டே வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இது எம்பேருல்லா?"

"ஆமா."

"இசக்கிமு... பாதியில நிக்கிது?"

"எட்டெழுத்துதான் மச்சான் பிடிக்கும்."

விரல் மெல்ல நகர்ந்தது. உதடுகள் எழுத்தெழுத்தாக அசைந்தன. "நாட் அவுட்டு" என்றார்.

தனபாலன் தலையாட்டினான். "கடைசியில நீங்க மூணாவது மூலையில நின்னீங்க. அப்படி நின்னவங்கள மெஷின் போடாது. போடணும்னு சொன்னா. அதுக்குத்தான் நின்னேன்."

சுடுகாட்டில் வேலை செய்யும் சின்னப்பையன் வந்தார். பெயர்தான் சின்னப்பையன், அறுபது வயது இருக்கும். "இன்னா நைனா இன்னும் நின்னுக்கினு கீறீங்க? அடுத்த பார்ட்டி கேட்டாண்ட வந்துட்டாங்க. சட்டயப் போட்டுக்கினு கெளம்புங்க" என்றார்.

சட்டை இன்னும் இசக்கிமுத்துவின் கைமேல்தான் கிடந்தது.

தனபாலனின் தலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தாளின் ஓரத்தில் விழுந்தது. இசக்கிமுத்து தாளைச் சற்று வெயில் பக்கமாக நகர்த்திக்கொண்டார். விரலை எடுக்கவில்லை.