மோட்டார் கேட்காத பெட்டி

டொக் என்று ஒரு சத்தம், தோடி ஏறி ஏறி உச்சியில் நிற்கப் போகும் இடத்தில், இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில், டொக், உடனே நாகஸ்வரத்துக்கு அடியில் ஒரு ரீங்காரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, கண்ணைத் திறக்காமலே தெரிகிறது, சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் மோட்டார் போட்டுவிட்டார், அப்பா கட்டிய வீட்டை நடுவில் சுவர் எழுப்பி நாங்கள் இருவரும் பிரித்துக்கொண்டோம், வாசல் இரண்டானது, மீட்டர் இரண்டானது, கம்பத்திலிருந்து வரும் கம்பி மட்டும் ஒன்றாகவே இருந்தது, அதனால் அவர் மோட்டார் என் பாட்டுக்குள் வரும், வந்தால் போகட்டும், மோட்டார் நிற்கும்போது இன்னொரு டொக் வர வேண்டும் அல்லவா, அது வராது, மோட்டாரைப் போட்டுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் அண்ணனுக்கு உலகமே மறந்துவிடும், நான்தான் ராகத்தைப் பாதியில் விட்டு எழுந்துபோய்ச் சுவரோரம் நின்று, அண்ணே, டேங்க் நிறைஞ்சிடுச்சு, என்று கத்துவேன், தோ நிறுத்துறேண்டா, என்று பதில் வரும், பிறகு டொக், பிறகு தோடி, ஆனால் அது நான் விட்டுவிட்டுப் போன தோடியாக இருக்காது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன், ஒரு ராகத்தையாவது முழுசாக் கேக்க விடறீங்களாண்ணே, அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், அவரோ கையிலிருந்த பேப்பரை மடித்தபடி, அதுக்குன்னு ஏதோ பெட்டி இருக்காமே, போய்ப் பாத்துட்டு வரலாம் வா, என்கிறார், காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் தூங்கி வழிகிறார், தோடிக்கும் தாலாட்டுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன், நாகஸ்வரம் அவருக்கு என்றைக்கும் பீப்பீதான், ரிச்சி தெருவில் கடை கடையாக என் பின்னால் ஏறி இறங்குகிறார், மின்னலுக்குப் பயம்னா ஸ்பைக் கார்டு போதும் சார், என்கிறார் கடைக்காரர், வோல்டேஜ் ஏறி இறங்குதுன்னா ஸ்டெபிலைசர், கரண்ட்லயே இரைச்சல் வருதுன்னா ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர், அது கொஞ்சம் கனம், விலையும் கனம், நான் பத்திரிகைகளில் படித்ததையெல்லாம் கொட்டுகிறேன், பெட்டியே இரையுமா, தவில் அடி மழுங்கிப்போகுமா, ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் போதுமா, கடைக்காரர் முகம் சுண்டிப்போகிறது, அண்ணன் என்னை மெல்ல விலக்கிவிட்டு முன்னால் வந்து நிற்கிறார், இதோ பாருங்க, என் மோட்டார் இவனுக்குக் கேக்கவே கூடாது, அப்படி ஒரு பெட்டியாக் குடுங்க, கடைக்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

திரும்பும்போது பெட்டி அவர் மடியில்தான் இருந்தது, இறக்கி வைங்கண்ணே என்றாலும் கேட்கவில்லை, பஸ் குலுங்கும்போதெல்லாம் தூங்குகிற குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், எர்த் சரியாக இல்லாவிட்டால் எந்தப் பெட்டியும் வீண் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார், என் பக்கத்தில் எல்லாம் சிமெண்ட் தரை, அவர் பக்கத்துத் தோட்டத்தில் அவரே குழி தோண்டினார், கரியும் உப்பும் போட்டுக் குழாயை நட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவர் வழியாகக் கம்பியை என் வீட்டுக்குள் விடச் சொன்னார், கோடையில் மண் காயக்கூடாது என்று தினமும் தன் மோட்டார்த் தண்ணீரை அந்தக் குழியில் ஊற்றினார், ஐப்பசியில் இடி விழுந்து தெருவில் பாதி டிவி போனபோது, எங்க தம்பி வீட்டுப் பாட்டுப்பெட்டிக்கு ஒண்ணும் ஆகல, என்று தானே செய்த பெட்டிபோல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பெட்டியை மாட்டிய முதல்நாள் சாயங்காலம் மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் வாசலில் நிற்கிறார், கேக்குதா, இல்லண்ணே, சுத்தமா கேக்கலையா, சுத்தமா கேக்கலண்ணே, அப்பாடா, என்று சொல்லிவிட்டுப் போனார், அன்றைக்குத் தோடியை முழுதாகக் கேட்டேன், அதில் டொக் இல்லை, ரீங்காரம் இல்லை, எழுந்துபோய்க் கத்த வேண்டிய வேலையும் இல்லை, அதன் பிறகு டேங்க் வழிந்து வழிந்து ரேணுகா அண்ணி அவரைத் திட்டுவது எப்போதாவது காதில் விழும், எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது, ஆனால் யோசித்துப் பார்த்தால் நாங்கள் தினமும் பேசிக்கொண்டிருந்தது அந்த இரண்டு வரிதான், டேங்க் நிறைஞ்சிடுச்சு, தோ நிறுத்துறேண்டா, அதற்கும் இனி அவசியமில்லாமல் போயிற்று, அதை நான் கவனிக்கவேயில்லை, தை மாதம் ஒரு சாயங்காலம் அண்ணி கோயிலுக்குப் போயிருக்கிறார், அண்ணன் மோட்டாரைப் போட்டிருக்கிறார், நான் கண்ணை மூடிக்கொண்டு தோடி கேட்கிறேன், இசைத்தட்டைத் திருப்பிப் போட்டு இன்னொரு பக்கமும் கேட்கிறேன், எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன், தட்டு ஓய்ந்த பிறகுதான் மழைச் சத்தம் காதில் விழுகிறது, தை மாதத்தில் ஏது மழை என்று எழுந்துபோய்ச் சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கிறேன், டேங்க் வழிந்து கொட்டிக்கொண்டிருக்கிறது, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அண்ணன் குப்புறக் கிடக்கிறார், தண்ணீர் அவரைச் சுற்றிக்கொண்டு எர்த் குழிப் பக்கமாக ஓடுகிறது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஹார்ட் அட்டாக், கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா, என்று டாக்டர் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கிக்கொண்டார், அந்த மீதியை நான்தான் தினமும் சொல்லிப் பார்க்கிறேன், பழையபடி இருந்திருந்தால் முதல் டொக் கேட்டிருக்கும், இரண்டாவதுக்குக் காத்திருப்பேன், வராது, எழுந்துபோய்க் கத்தியிருப்பேன், பதில் வராது, சுவர் ஏறியாவது குதித்திருப்பேன்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பெட்டியிலிருந்து பிடுங்கிச் சுவரில் நேராகவே சொருகிவிட்டேன், இடி விழுந்தால் விழட்டும், தோடியைப் போடுகிறேன், கரகரவென்று அழுக்குக் கரண்டில் அது ஏறி ஏறி உச்சியில் நிற்கப் போகிறது, டொக், அடியில் அதே ரீங்காரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அண்ணி மோட்டார் போட்டிருக்கிறார், தெரிகிறது, தெரிந்தும் உடம்பு கேட்கவில்லை, காத்திருக்கிறேன், எழுகிறேன், சுவரோரம் போய் நிற்கிறேன், அண்ணே, டேங்க் நிறைஞ்சிடுச்சு, என்று கத்திய பிறகுதான் என்ன கத்தினேன் என்பது உறைக்கிறது, அந்தப் பக்கத்திலிருந்து அண்ணியின் குரல், அழுதுகொண்டே, தோ நிறுத்துறேன் தம்பி, பிறகு எனக்குப் பின்னால், தோடியின் நடுவில், டொக்.