தெளிவாகக் கேட்டது

மலைமேல் இருந்த ரிப்பீட்டர் பழுதானதும் ரேடியோ கிளப்பில் சண்டை ஆரம்பித்தது. உறுப்பினர்கள் கையடக்க செட்டில் பேசுவதை வாங்கி ஊர் முழுக்கத் திருப்பி அனுப்புகிற பெட்டி அது. புதிதாக வாங்கினால் டிஜிட்டல்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பழைய செட்டுகளும் சேர்ந்து ஓடுகிற முறையா, டிஜிட்டல் மட்டுமா என்பதுதான் கேள்வி.

"சேர்ந்தே ஓடட்டுமே" என்றார் டெய்லர். "என் வீடு மலைக்குப் பின்னாடி பள்ளத்துல இருக்கு. புதுசு எடுக்கலேன்னா பழைய செட்டுல கத்தியாவது பார்ப்பேன்."

கிளப்பின் தலைவர் பல் டாக்டர். டெய்லருக்குச் சகலை, இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள்.

"சகலை, நீங்க பேசினா தகரக் கூரை மேல மழை கொட்டற மாதிரி இருக்கு. இந்த இரைச்சலோட இன்னும் எத்தனை காலம் மாரடிக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் தன் கிளினிக் மொட்டை மாடியிலிருந்து சோதனை செய்து காட்டினார். எதிரே மலை பளிச்சென்று தெரிகிற மாடி. குரல் கண்ணாடி மாதிரி வந்தது. பள்ளத்துக்குப் போய்ப் பேசிப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. டிஜிட்டல் மட்டும் என்று முடிவானது. டெய்லருக்கான புது செட்டை டாக்டரே வாங்கிக் கொடுத்தார்.

தினமும் காலையில் கிளினிக் திறக்குமுன் டாக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். அவர்கள் "இருக்கேன்" என்பார்கள். புது ரிப்பீட்டர் வந்த நாளிலிருந்து டெய்லரிடமிருந்து மட்டும் பதிலே இல்லை.

"சகலைக்கு வீம்பு. விளையாட்டுல தோத்த பையன் மாதிரி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கார்" என்று ஒருநாள் டாக்டர் ரேடியோவிலேயே சொன்னார். அதன்பின் அது தினசரி ஜோக்காகிவிட்டது.

"ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்களேன்" என்றாள் மனைவி. "அத்தான் காலையில அந்த செட்டு முன்னாடிதான் உட்கார்ந்திருக்காராம். அக்கா சொன்னா."

"உட்கார்ந்துக்கிட்டு வாயைத் திறக்கலேன்னா அதுக்குப் பேர் என்ன? வீம்புதானே!"

கிளப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் செட் கேட்டார். டெய்லரிடம் சும்மா கிடப்பதை வாங்கி வந்துவிடலாம் என்று, கிளப்பில் இன்னொரு உறுப்பினரான பிளம்பரிடம் அன்றைய கூப்பிடுதலை ஒப்படைத்துவிட்டு டாக்டர் பள்ளத்துக்குக் கிளம்பினார்.

கதவு திறந்திருந்தது. தையல் மெஷின் மேல் செட் நின்றது. அதற்கு அளவெடுத்து, பட்டன் வைத்து உறை தைத்திருந்தார் டெய்லர். பிளம்பரின் குரல் அட்சர சுத்தமாக வந்தது.

"டெய்லர் அண்ணே, இருக்கீங்களா?"

டெய்லர் செட்டை எடுத்தார். பொத்தானை அழுத்தினார். "இருக்கேன்ப்பா."

டாக்டரின் சட்டைப் பையிலிருந்த செட் மூச்சு விடவில்லை. மலையிலிருந்து வரும் பலமான சிக்னல் பள்ளத்துக்கு எட்டியது; கையடக்க செட்டின் மெல்லிய சிக்னல் மலைக்கு எட்டவில்லை, எட்டினால்தானே அங்கிருந்து திரும்பி வரும். பழைய முறையாயிருந்தால் இரைச்சலுக்குள்ளாவது ஒரு குரல் கேட்டிருக்கும். டிஜிட்டலில் சிக்னல் குறைந்தால் சுத்தமாக ஒன்றுமில்லை. டாக்டருக்குத் தெரிந்த விஷயம்தான் அது.

"இன்னிக்கும் மௌன விரதம் போல!" என்று பிளம்பர் சிரித்தான். இரண்டு செட்டிலும் சிரிப்பு கேட்டது.

டெய்லர் திரும்பிப் பார்த்தார். "வாங்க சகலை."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே..."

"பண்ணத்தான் போனைக் கையில எடுத்தேன். அப்பதான் வீம்புன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் என்னத்தைப் பேசறது?"

"மாடியில ஒரு ஆன்டெனா கட்டித் தரேன். நாளைக்கே."

"வேண்டாம். உட்காருங்க, டீ சாப்பிட்டுட்டுப் போங்க." குரலில் கோபமே இல்லை. டாக்டருக்கு அதுதான் தாங்கவில்லை. செட்டைக் கேட்காமலே வீடு திரும்பினார்.

மறுநாள் காலை டெய்லரின் முறை வந்தது. டாக்டர் பொத்தானை அழுத்தினார்.

"எல்லாரும் கேளுங்க. சகலை தினமும் பதில் சொல்லிக்கிட்டுதான் இருந்தார். நமக்குத்தான் கேட்கலை. அவர் சொன்ன முறையைத் தட்டிக் கழிச்சவன் நான். சகலை, மன்னிச்சிடுங்க."

விரலை எடுத்தார். டெய்லர் பதில் சொன்னாரா, செட்டையே அணைத்து வைத்துவிட்டாரா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. கிளினிக் வாசலில் முதல் நோயாளி வந்து நின்ற பிறகும் டாக்டர் அடுத்த பெயரைக் கூப்பிடவில்லை.