பெனிற்றாவின் வெள்ளைப் பூ

தவமலருக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? லண்டன் ஹவுன்ஸ்லோவில் அவள் வீட்டுக்கும் பெனிற்றா வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம், ஆல்ப்ஸ் மலைப் பாறை இடுக்குகளில் முளைக்கிற எடெல்வைஸ் செடி ஒரு சட்டியில் வெள்ளைவெளேரென்று பூத்துக் கிடந்தது. தவமலரின் விருந்தாளிகள் அவள் சுட்ட வடையை மென்றுகொண்டே வேலியை எட்டிப் பார்ப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. சொந்தப் புருஷன் சிவானந்தன், "அந்த மனிசிக்கு நல்ல கைராசி" என்று தேத்தண்ணியும் கையுமாக அங்கேயே நிற்பதைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை.

அதே செடியை அவளும் வாங்கினாள். குளிரில் விறைத்துப்போகும் என்று ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து, கறிவேப்பிலைக்கு விடுவதுபோல மீன் கழுவிய தண்ணீர் விட்டு, பெற்ற பிள்ளை மாதிரிப் பார்த்தாள். பாழாய்ப்போனது, வேரோடு அழுகிவிட்டது.

தை மாதம் பெனிற்றா மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கனடாவுக்குப் புறப்பட்டாள். போகிறபோது சட்டியைக் கொண்டுவந்து தவமலரிடம் நீட்டினாள்.

"நீர்தான் பாக்கவேணும், மலர்."

"ஓம், ஓம். நீர் யோசிக்காமல் போட்டு வாரும்."

கார் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், சட்டி பின்வளவுக் கொட்டிலின் கூரையடிக்குப் போனது. தண்ணீரா? மூச்! செத்துத் தொலையட்டும். உறைபனி பிடித்த காலைகளில் ஜன்னலால் எட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். எப்போதாவது அடித்த சாரல்தான் அதற்குக் கிடைத்த தண்ணீர். பனிக்காலம் போனபிறகு செத்திருக்கும் என்று அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

ஆனியில் பெனிற்றா திரும்பி வந்தாள். சிவானந்தனும் சேர மூவருமாகக் கொட்டிலடிக்குப் போனார்கள். சட்டி கொள்ளாத பூ!

"அடி சக்கை! உம்மடை கையும் ராசியான கைதான்" என்றார் சிவானந்தன். எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை! இப்போது கேட்க நாராசமாக இருந்தது. அவள் பொறுக்கமாட்டாமல் வெடித்தாள்.

"கையுமில்லை, காலுமில்லை! சாகட்டும் எண்டுதான் இங்கை கொண்டுவந்து போட்டனான். ஒரு சொட்டுத் தண்ணி விடேல்லை."

பெனிற்றா சிரித்தாள்.

"தெரியுமப்பா. ஈரம் கூடினா இது அழுகிப்போயிடும். அன்பான ஆக்களிட்டைக் குடுத்திருந்தா ஊத்தி ஊத்தியே சாக்காட்டியிருப்பினம். உமக்கு என்ரை பூவிலை எரிச்சல் எண்டு தெரிஞ்சுதான் உம்மிட்டைத் தந்தனான்."

அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க, படலையைத் திறந்துவிடச் சிவானந்தன் முன்னால் ஓடினார்.