சுந்தரபாய்க்கு நினைவில்லாத சாயங்காலம்

சங்கரன்கோவிலில் ஒரு பஞ்சுக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பவுல்பாண்டியனுக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிருந்தது. ஒரே மகள் சுந்தரபாயை டீச்சராக்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. மூன்றாம் வகுப்புவரை அவளும் கெட்டிக்காரியாகத்தான் இருந்தாள். எண்பத்தொன்றில், அவளுக்கு ஒன்பது வயது நடக்கும்போது, வார்த்தைகள் நழுவ ஆரம்பித்தன. வாளியைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பெயர் தெரியாமல் முழிப்பாள். காலையில் படித்தது மத்தியானம் இருக்காது. நடுநடுவே கண் ஒரே இடத்தில் நிலைத்துவிடும். உதடு மட்டும் எதையோ சவைப்பதுபோல அசையும். கூப்பிட்டால் பதில் வராது.

"அம்புட்டும் திமிரு" என்றார் பவுல்பாண்டியன்.

முதலில் புளியம்விளாறால் உள்ளங்கையில் அடித்தார். பிறகு தொடையில். பிறகு கண்ட இடத்திலெல்லாம். தடுக்கப்போன மனைவி நேசமணியின் உதடு கிழிந்தது.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம், வேலைவிட்டு வந்ததும் மகளை நிறுத்தி வைத்து ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒப்பிக்க வேண்டிய பைபிள் வசனத்தைக் கேட்டார். ஒரு வரி சொன்னாள். கண் நிலைத்தது. உதடு சவைக்கத் தொடங்கியது.

"ஏட்டி, என்னையே பழிப்புக் காட்டுதியோ?"

இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவி வீசினார். பெல்ட்டின் கொக்கி பட்டு நெற்றி பிளந்தது. அவள் அழவில்லை, தடுக்கக் கையைக்கூடத் தூக்கவில்லை. அது அவர் கோபத்தை இன்னும் கிளப்பியது. மறுபடியும் மறுபடியும் விளாசினார். சட்டென்று அவள் விறைத்துச் சாய்ந்தாள். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. கடிபட்ட நாக்கிலிருந்து ரத்தம் நுரையோடு வழிந்தது.

"பிசாசுல்லா புடிச்சிருக்கு! சூடு போட்டாத்தான் போவும்."

இரும்புக் கரண்டியின் காம்பை அடுப்புக்குள் செருகினார். நேசமணி அவர் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். உதறி உதைத்தார். காம்பு சிவந்ததும் எடுத்துவந்து மகளின் தோளில் வைத்தார். சதை பொசுங்கிற்று. அவர் மறுபடி கையை ஓங்கியபோது, நேசமணி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலைத்தண்ணீரைப் பானையோடு தூக்கி அவர் கழுத்தில் ஊற்றினாள்.

அவர் அலறித் தரையில் புரண்டுகொண்டிருக்க, அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கு ஓடினாள். அங்கே தறிகள் வைத்திருந்த மைமூனம்மாள், "அல்லாவே, புள்ளைய என்ன செஞ்சிருக்கான் பாரு!" என்று பதறி, மகனிடம் சொல்லிக் காரில் திருநெல்வேலிக்கு அனுப்பிவைத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கண்ணு நிலைச்சு உதடு அசையுதுன்னீங்களே, அதுவும் வலிப்புதாம்மா. ரொம்ப நாளா வந்திருக்கு. பேச்சையும் ஞாபகத்தையும் அது கெடுத்திருக்கு. பிள்ளை வேணும்னு மறக்கல."

"அப்ப வலிப்புக்கா சார் இம்புட்டு அடியும் வாங்குனா?"

டாக்டர் மாத்திரை எழுதினார்.

நேசமணி வீட்டுக்குத் திரும்பவில்லை. மைமூனம்மாளிடமே நூல் சுற்றும் வேலையில் சேர்ந்து, அங்கேயே ஒரு அறையில் தங்கினாள். மாத்திரையில் வலிப்பு குறைந்தது. சில வார்த்தைகள் திரும்பின, சில திரும்பவேயில்லை.

காயம் ஓரளவு ஆறியதும் பவுல்பாண்டியன் தேடிவந்தார். சுந்தரபாய், "அப்பா!" என்று ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். அந்தச் சாயங்காலம் அவள் நினைவில் துளியும் இல்லை. அவர் அழுதார்.

"கழுத்துல என்னப்பா?"

"வெந்நி கொட்டிட்டு மக்கா. வா, வீட்டுக்குப் போவோம்."

நேசமணி எழுந்து அவர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு தள்ளினாள்.

"கொட்டல. நான்தான் ஊத்துனேன். ஏன்னு சொல்லுங்க. அவளுக்கு ஞாபகமில்ல. உங்களுக்கு இருக்குல்லா?"

அவர் கையால் கழுத்தை மறைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க!"

"பெல்ட்டால அடிச்சேன் மக்கா... சூடு வச்சேன்."

சுந்தரபாய் தோள் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். அவரிடமிருந்து மெல்ல விலகி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். அவர் தெருவில் இறங்கி நடந்தார்.

"இனி அங்கன போவாண்டாம்மா" என்றாள் சுந்தரபாய்.

"போவல" என்றாள் நேசமணி. அப்புறம் அவர்கள் போகவேயில்லை.