மட்கார்டில் துரு

மலேசியாவில் கோல சிலாங்கூர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் அது. வருஷத்துக்கு ஒருமுறை ஆபிஸ் வாசலில் வேலையாட்களின் மோட்டார் சைக்கிள்களைப் பரிசோதிப்பார்கள். தேறிய வண்டிக்குப் பச்சை ஸ்டிக்கர். ஸ்டிக்கர் இல்லாத வண்டியை கேட்டுக்குள் விடமாட்டார்கள். கேட்டிலிருந்து நவமணி உரம் போடும் இடத்துக்கு ஆறு கிலோமீட்டர். ஐம்பத்து மூன்று வயதில் அவ்வளவு தூரம் நடக்க அவளால் ஆகாது.

அவளுடைய கப்சாய் மோட்டார் சைக்கிளுக்கு வயது இருபத்தெட்டு. செயின், பிரேக் ஷூ, விளக்கு எல்லாம் அவளே மாற்றுவாள். உரம் பட்டுப் பட்டு மட்கார்டு மட்டும் துருவேறிக் கிடந்தது. துருவா வண்டியை ஓட்டுகிறது என்று விட்டிருந்தாள்.

வரிசையில் நின்றபடி ஆண்களின் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேதுவின் வண்டி இரண்டே வருஷத்துப் புதிது, அடிவயிற்றில் நீல விளக்கு வேறு. அது தேறி வெளியே வந்ததும் அதன் பக்கக் கண்ணாடிகளைக் கழற்றிச் சன்னாசி வண்டிக்குப் பூட்டினார்கள். அந்த ஒரு ஜோடிக் கண்ணாடி அதுவரை ஐந்து வண்டிகளைத் தேற வைத்திருந்தது.

"வெக்கங்கெட்டவனுங்க," என்றாள், அவர்கள் காதில் விழும்படியே.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி ஷர்வின் எந்த வண்டியையும் தொடவில்லை. ஹார்னை அடிக்கச் சொன்னான், விளக்கைப் போடச் சொன்னான், கையிலிருந்த டேப்லட்டில் தட்டினான்.

"ஆன்ட்டி, இது எந்த வருஷத்து பைக்?"

"ஒங்க வயசு இருக்கும், தம்பி."

வரிசை சிரித்தது. ஷர்வின் சிரிக்கவில்லை. "மட்கார்டு ஃபுல்லா துரு. ஃபெயில் லா."

"பிரேக்கப் பாத்தீங்களா?"

"பழைய பைக், ஆன்ட்டி. ரிஸ்க்."

"ஓட்டித்தான் பாருங்களேன். லோரி நிறுக்கிற மேடை வரைக்கும் போயி பிரேக்க புடிங்க."

அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியாமல் ஏறினான். மேடைக்கு ஒரு முழம் முன்னால் வண்டி கச்சிதமாக நின்றது.

"சரி, இப்ப நீங்க பாஸ் போட்ட சேது வண்டிய ஓட்டுங்க."

சேதுவின் முகம் வெளுத்தது. "வேணாம் சார், எண்ணெ கம்மியா இருக்கு."

ஷர்வினுக்கு வீம்பு வந்துவிட்டது. ஏறி முறுக்கினான். மேடை நெருங்கியதும் முன் பிரேக்கைப் பிடித்தான், பிடி தளர்ந்துபோய்க் கைப்பிடிவரை வந்தது. பின் பிரேக்கை மிதித்தான், சத்தம் வந்ததே தவிர வேகம் குறையவில்லை. வண்டி மேடையைத் தாண்டி நேராக வடிகாலில் இறங்கியது. முழங்கால் அளவு சேற்றில் அவன் எழுந்து நின்றான், அடி ஒன்றும் இல்லை.

இரண்டு பேர் அவனைக் கைகொடுத்துத் தூக்கினார்கள். நவமணி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"அந்த வண்டிய பாஸாக்குன கண்ணாடி சன்னாசிகிட்ட இருக்கு, தம்பி. வேணும்னா போயி மூஞ்சியப் பாத்துக்குங்க."

இனியாவது புத்தி வரும் என்று நினைத்தாள். ஷர்வின் விரலைத் துடைத்துக்கொண்டு டேப்லட்டை எடுத்தான். சேதுவின் தேர்ச்சி பதிவாகிவிட்டதாம், அதை ரத்து செய்ய மேலிடத்தைக் கேட்கவேண்டுமாம்.

"என் வண்டி?"

"துரு துருதான், ஆன்ட்டி. நாளைக்கி திரும்ப வாங்க."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரில் ஓர் ஆள் இருக்கவேண்டுமே.

ஸ்டோரில் வேலை செய்யும் கங்காவிடம், மரங்களுக்கு நம்பர் எழுதி மிச்சமான வெள்ளைப் பெயிண்டைக் கேட்டு வாங்கினாள். துருவைச் சுரண்டக்கூட இல்லை, அப்படியே மேலே பூசினாள். மறுநாள் காலையிலும் பெயிண்ட் சரியாகக் காயவில்லை.

புதுச் சப்பாத்தோடு வந்த ஷர்வின் நாலடி தள்ளி நின்று பார்த்தான். "வாவ், நைஸ் ஆன்ட்டி. பாஸ்." ஸ்டிக்கரை ஒட்டியவனின் விரலில் வெள்ளை அப்பிக்கொண்டது.

அன்று சாயங்காலம் சேது வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்கு வந்தான்.

"அக்கா, பிரேக் ஷூ ஒரு ஜோடி இருக்குமா?"

"ஏன், ஸ்டிக்கர் இருக்குல்ல? அதப் புடிச்சி நிறுத்து."

கதவைச் சாத்தப் போனவளுக்கு, தினமும் அவன் பின்னால் பிள்ளையோடு உட்கார்ந்து போகும் அவன் மனைவி மாலாவின் நினைப்பு வந்தது. உள்ளே போய் ஸ்பேனரையும் ஒரு ஜோடி பிரேக் ஷூவையும் எடுத்து வந்தாள். அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பின் சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தாள்.